என் பக்கத்தை அவர் பேசினார்

வழக்கறிஞர் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கார்த்திகா தென்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் வெளிநாட்டில் ஒரு சர்வதேச நீதிமன்றத்தில், அதன் நிர்வாகத் தலைவரான பதிவாளருக்கு மூத்த ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் தெருவில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எதிர்வீட்டில் இன்னும் நான் ஏதோ பேங்கில் வேலை பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு வந்த பிள்ளைக்கு டீ போட்டேன், சமோசா வாங்கிவரச் சொன்னேன், எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன். அவள் சமோசாவைக் கடித்தபடி சொன்னாள்:

“ரங்கராஜன் சார்கிட்டதான் மேடம் முதல்ல போனோம். அவருதான், எனக்கு எழுத வராது, நூர்ஜஹான் மேடத்தைக் கேளுங்கன்னாரு.”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

ரங்கராஜனை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். அதே நீதிமன்றம், அதே பதவி, அதே பதிவாளர். இப்போது ஓய்வு பெற்றுக் காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், நான் இந்தப் பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போய் அந்தப் பதவியில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான். பிறகு அவர் வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய பொறாமை இன்றுவரை எனக்குத் தீரவில்லை. அதை மறைத்துக்கொண்டு எழுதினால் கட்டுரை நன்றாக வராது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“இன்னுமா உனக்கு அந்த மனுசன் மேல?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர், கார்த்திகா போன பிறகு.

“ஆமா.”

“மவுத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் அது போகாது போல.”

“போகாதுதான்” என்றேன்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. இங்கே சட்டக் கல்லூரி, பிறகு இங்கேயே கோர்ட்டில் சில வருஷம் சீனியரின் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, பிறகு உதவித்தொகையில் மேல்படிப்பு. கீழ்மட்டத்தில் சட்ட அலுவலராகச் சேர்ந்து, யாரும் படிக்காத அறிக்கைகளை எழுதி எழுதி மேலே வந்தேன். என் வீட்டுக்காரர் பெரிய கடை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையை விட்டு வர முடியாது, ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை வந்து குளிரில் நடுங்கிவிட்டுப் போவார். மகள் ரிஸ்வானா அவரிடமும் என் தங்கையிடமும் வளர்ந்தாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு நான் வரவில்லை. அந்தச் சமயம் ஒரு பெரிய வழக்கின் விசாரணை நடந்துகொண்டிருந்தது, பதிவாளர் என்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தங்கை பார்த்துக்கொண்டாள்.

பதிவாளரின் வேலை என்னவென்று இங்கே பலருக்குத் தெரியாது. வழக்கைத் தீர்ப்பது நீதிபதிகள். மற்ற எல்லாம் பதிவாளர் தலையில். சாட்சிகளை எங்கிருந்தோ பத்திரமாகக் கூட்டிவர வேண்டும், அவர்கள் மொழி தெரிந்த ஆளைத் தேட வேண்டும், சிறையில் இருப்பவருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதையும் பார்க்க வேண்டும், சாட்சி சொல்லி முடித்தவர் திரும்பிப் போனபின் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். இதில் எது சிக்கலானாலும், முடிவெடுக்குமுன் அவரிடம் ‘இப்படிச் செய்யலாம், இப்படிச் செய்யக் கூடாது’ என்று சொல்வது எங்கள் வேலை. நாங்கள் சொன்னது எதிலும் எங்கள் பெயர் இருக்காது. கையெழுத்து அவருடையது. நல்லதானாலும் கெட்டதானாலும் அவர் எடுத்த முடிவு.

எங்கள் பதிவாளரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். எந்த நாட்டுக்காரர் என்று எழுதவில்லை. ஒல்லியான பெண்மணி, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார், மேசை மேல் ஒரு தாள்கூட இருக்காது. கோபம் வந்தால் குரல் இறங்கும். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தில் நானும் ரங்கராஜனும் வேறு வேறு ஆலோசனை சொன்னால், அவர் தன் மேசையை விட்டு எழுந்து ஜன்னலோரம் இருந்த வட்ட மேசைக்கு வருவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் கீழே இருக்கும்படி வைப்பார். காகிதம், பேனா எதுவும் கூடாது. பிறகு என்னை ரங்கராஜனின் பக்கத்தைப் பேசச் சொல்வார், ரங்கராஜனை என் பக்கத்தை. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று பேசக் கூடாது. ‘நான் சொல்கிறேன், ஏனென்றால்’ என்று அது சொந்தக் கருத்து மாதிரியே பேச வேண்டும். ஒருவர் முடித்ததும் மேடம் மற்றவரிடம் ஒரே கேள்வி கேட்பார்: “நீங்கள் நினைத்ததற்கு இது குறைவா, கூடுதலா, சரியா?” குறைவு என்றால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். சரி என்று வந்தால்தான் அடுத்தவர் முறை.

முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரங்கராஜன் சொன்னதை நான் எவ்வளவு நேர்மையாகச் சொன்னாலும் அவர் “குறைவு” என்றார். மூன்று தடவை பேசவைத்தார். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில், தமிழில், “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்கோ, நெஜமாவே கொஞ்சம் கொறைஞ்சுது” என்றார். ஊர்க்காரர் என்பதால் வந்த முதல் நாளே என்னை அக்கா ஆக்கிக்கொண்டவர். நான் அவரிடம் அப்படிக் கூப்பிடுங்கள் என்று சொல்லவே இல்லை.

அந்த வட்ட மேசைக்கு மேடம் வைத்த பெயர் முக்கொம்பு. ரங்கராஜன் தன் அறையில் முக்கொம்பு அணையின் படம் ஒன்றை மாட்டியிருந்தார். இது என்ன என்று மேடம் கேட்க, இங்கேதான் எங்கள் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது, நடுவில் இருக்கும் தீவில்தான் எங்கள் ஊர் என்று விளக்கியிருக்கிறார். அன்றிலிருந்து கருத்து இரண்டானால் மேடம் “முக்கொம்பு போவோமா?” என்பார். ஐரோப்பாக்காரர்கள், ஆப்பிரிக்காக்காரர்கள் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர் என்ன பாடுபட்டது என்று சொல்ல முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முக்கொம்பு என்ன ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பட்டா போட்ட இடமா? சின்ன வயதில் பெருநாளுக்கு மறுநாள் அத்தா எங்கள் எல்லோரையும் வேன் பிடித்து அங்கேதான் கூட்டிப்போவார். தரையில் ஜமக்காளம் விரித்து பிரியாணிச் சட்டியைத் திறக்கும் வாசனைக்குக் குரங்குகள் வந்துவிடும். அவருக்கு முந்தியே நான் ஒரு படத்தை மாட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் மேடத்துக்கு உண்டு. யார் பேசியதைக் கேட்டு முடிவுக்கு வந்தாரோ, அவரை மட்டும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய், அந்த முடிவால் பாதிக்கப்படும் ஆளிடம் நேரில் சொல்வார். கடிதத்தில் சொல்ல மாட்டார், கீழே இருப்பவர்களை விட்டும் சொல்ல மாட்டார். “என் மனசை மாற்றியவர் முகத்தை அவர்கள் பார்க்கட்டும்” என்பார். அப்படிக் கூட்டிப்போவது எங்களுக்குள் பெரிய மரியாதை. இன்றைக்கு மேடம் யாரை அழைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார் என்று செயலாளர்கள்கூடக் கவனிப்பார்கள். நானும் பல தடவை போயிருக்கிறேன். ரங்கராஜனும் போயிருக்கிறார். யார் அதிகம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

இனி அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பெயர், நாடு, மொழி எதையும் எழுதப் போவதில்லை. இவ்வளவு எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆயுதக் கும்பல் ஒன்றின் தலைவன்மேல் நடந்த வழக்கு. அவனுடைய ஆட்கள் இந்த அம்மாவின் மகனைக் கண்ணெதிரே கூட்டிப்போனார்கள், அவன் திரும்பவில்லை. அதை வந்து சொல்ல ஊரிலேயே துணிந்தவர் இவர் ஒருத்தர்தான். திரைக்குப் பின்னால் உட்காரவைத்தோம். வெளியே போகும் ஒலியில் குரலை மாற்றினோம். பெயருக்குப் பதில் ஓர் எண். சாட்சி சொல்லி முடித்ததும் பழையபடி ஊருக்கே கொண்டுபோய் விடுவோம் என்று எங்கள் அலுவலகம் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அவர் கேட்ட ஒரே விஷயம் அதுதான். ஊரில் அவருடைய மகள் நிறைமாசமாக இருந்தாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம்: வாயைத் திறக்குமுன் நாக்கால் மேலண்ணத்தில் இரண்டு தட்டு தட்டுவார், ஆடு மேய்ப்பவர்கள் மந்தையை மடக்கும்போது கொடுக்கும் சத்தம் மாதிரி. கருவி குரலை மாற்றியது, அந்தச் சத்தத்தை அது என்ன செய்யும்? ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அது அப்படியே ஒலிபரப்பில் போய்க்கொண்டிருந்தது. அவர் மொழியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் கடைசி நாளில் வந்து சொன்னார், “நான் அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால் இது யார் என்று எனக்குத் தெரிந்திருக்கும்” என்று.

அந்தப் பக்கத்தில் யாராவது கேட்டார்களா, கேட்டவருக்குப் புரிந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. விசாரித்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் விமானம். மேடம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

அனுப்பக் கூடாது என்றேன் நான். வேறொரு நாட்டில் குடிவைக்க வேண்டும், மகள் வர விரும்பினால் அவளையும் கொண்டுவரலாம் என்றேன். மகளை அவள் புருஷன் வீட்டார் விட மாட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அனுப்பத்தான் வேண்டும் என்றார் ரங்கராஜன். வாக்கை நம்பி வந்தவர், அவருக்கு ஆபத்து என்னவென்று விளக்கமாகச் சொல்வோம், போவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும், பிள்ளைபெறப் போகும் மகளிடமிருந்து தாயைப் பிரிக்க நாம் யார் என்று கேட்டார்.

மேடம் எழுந்து ஜன்னலோரம் போனார். கடிகாரத்தைக் கழற்றினார்.

நான் முதலில் பேசினேன். அவர் பக்கத்தை ஒழுங்காகவே பேசினேன். அந்த விஷயத்தில் என்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. “சரி” என்றார் ரங்கராஜன்.

பிறகு அவர் என் பக்கத்தைப் பேசினார். நான் ஆபத்துகளை வரிசையாகச் சொல்லியிருந்தேன், எந்தச் சாலை, எந்தச் சோதனைச்சாவடி, யார் கையில் இருக்கிறது என்று. அவர் அதில் எதையும் தொடவில்லை. “நான் இந்த அம்மாவை அனுப்ப மாட்டேன்” என்று ஆரம்பித்தார். “அவர் நம்மிடம் ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டார். நாம் அதை விமான டிக்கெட் என்று புரிந்துகொண்டோம். அவர் கேட்டது போய் இருப்பதற்கு. அங்கே போய் இருக்க முடியாது என்று ஆனபிறகு, அவரைக் கொண்டுபோய் விடுவதால் நம் வாக்கு நிறைவேறாது, நாம் கைகழுவிக்கொண்டதாகத்தான் ஆகும். அவரே முடிவு செய்யட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மகள் பிரசவம் என்றால் எந்தத் தாயும் போகிறேன் என்றுதான் சொல்வாள். அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டே கேள்வி கேட்பது நேர்மை இல்லை. அவர் நம்மை வெறுக்கும்படியான முடிவை நாம் எடுத்து, வெறுப்பை நாமே வாங்கிக்கொள்வோம்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “குறைவா, கூடுதலா, சரியா?”

அந்த மேசையில் அதுவரை யாரும் சொல்லாத பதிலை நான் சொல்ல வேண்டியிருந்தது. “கூடுதல்” என்றேன்.

மேடம் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். “ரங்கா, வாருங்கள்” என்றார். இரண்டு பேரும் லிஃப்டுக்குப் போனார்கள். அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. நான் சொன்ன முடிவு. நான் அந்த வட்ட மேசையிலேயே உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கருத்து ஜெயித்திருந்தது, நான் தோற்றிருந்தேன். வயிறு எரிவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது. சாயங்காலம் போய் மருந்து வாங்கிக் குடித்தேன்.

கீழே அந்த அறையில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பாதுகாக்கப்பட்ட சாட்சியிடம் பேசியதை அந்த அறையில் இருந்தவர்கள் வெளியே சொல்லக் கூடாது, எங்களுக்குள்கூட. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் மேடம் ஓய்வு பெற்ற நாளில் நடந்த விருந்தில் ஒன்று நடந்தது. நீதிபதிகள், தூதர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கையில் பாலாடைக்கட்டித் தட்டோடு ஓர் ஓரத்தில் நின்றேன். மேடம் பேசும்போது, “என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த ஆலோசனை, ரங்கராஜன் ஒரு சாட்சிக்காகப் பேசியது” என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். ரங்கராஜன் கூட்டத்தில் தலையை உயர்த்தி என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். கருத்து என்னுடையது என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது. மேடத்துக்கு வாழ்த்து அனுப்பும்போதெல்லாம் எழுதிக் கேட்டுவிடலாமா என்று நினைப்பேன், அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுவேன். கார்த்திகா கட்டுரை கேட்டதும் எனக்குள் முதலில் வந்த நினைப்பு, இதை எழுதிவிடலாம், அச்சில் வந்துவிடும் என்பதுதான்.

எழுதலாமா, விதி இடம்கொடுக்குமா என்று ரங்கராஜனைக் கேட்கப் போன வாரம் ஸ்ரீரங்கம் போனேன். அச்சில் வருமுன் அவருக்குத் தெரியட்டும் என்ற எண்ணமும் இருந்தது. பாலத்தில் ஆட்டோ நகரவே இல்லை. உத்தர வீதியில் ஏதோ சாமி புறப்பாடு, பாதி வழியில் இறங்கி வெயிலில் நடந்தேன். அவர் ஃப்ளாட்டின் கதவைத் திறந்தபோது நான் வியர்த்து விறுவிறுத்திருந்தேன்.

“வாங்கோ அக்கா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே. ஆத்துக்காரி பெருமாள் சேவிக்கப் போயிருக்கா, வந்துடுவா. மோர் குடிக்கறேளா?”

கூடத்துச் சுவரில் அதே முக்கொம்பு படம். அதற்குக் கீழேயே என்னை உட்காரச் சொன்னார். மோரைக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன்.

“அந்த நாக்கால சத்தம் போடுற அம்மா விஷயத்த எழுதலாம்னு இருக்கேன். பேர் ஊர் ஒண்ணும் வராது. எழுதலாம்ல?”

“எழுதலாம் அக்கா. இனிமே தோஷமில்ல. அவா போன மாசம் போயிட்டா. தூக்கத்துலயே.”

“இன்னாலில்லாஹி” என்றேன் என்னை அறியாமல். பிறகுதான் உறைத்தது. “உங்களுக்கு யாரு சொன்னா?”

“ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணினா.”

“உங்களுக்கு மட்டும் ஏன் பண்ணணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். என் வீட்டுக்காரர் கடையில் வாங்கிய ஃபிரேம். “அது ஒரு கதை அக்கா. இத்தனை நாள் சொல்லக் கூடாதுன்னு இருந்தது.”

“இப்ப சொல்லுங்க.”

“மேடம் முடிவச் சொன்னா. மொழிபெயர்ப்பாளர் அதை அந்த அம்மா பாஷைல சொன்னார். அப்புறம் நாக்கால அந்தச் சத்தம். இதை யார் சொன்னதுன்னு கேட்டா. மேடம் வாயத் திறக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், நான்தான்னு.”

“கருத்து என்னுது.”

“தெரியும் அக்கா. ஆனா பேசினது நான். வெறுப்ப நாமளே வாங்கிக்கணும்னு வாய் கிழியப் பேசிட்டு, கீழ போய், மாடியில ஒருத்தர் இருக்கா, அவா சொன்னதுன்னா சொல்ல முடியும்?”

காலி மோர் டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

“எழுந்து வந்து என் சட்டையப் பிடிச்சுண்டா. திட்டினா பாருங்கோ. மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாம சொன்னார், பாவம். அதோட முடியும்னு நெனச்சேன். அடுத்த வருஷம் சாட்சிகள் பிரிவுலேர்ந்து கூப்பிட்டா. அந்த அம்மா உங்களோட பேசணுங்கறாங்க, ஒத்துக்கறீங்களான்னு. சரின்னேன். லைன்ல வந்ததும் திட்டு. திட்டி முடிச்சுட்டு, இங்க பனி பெய்யறது, கதவத் திறக்க முடியலங்கறா. அப்புறம் ஒவ்வொரு வருஷமும். மொதல்ல திட்டு, அப்புறம் பல்வலி, மக போன்ல சொன்னது, பேரன் நடக்கறான், பேரன் ஸ்கூலுக்குப் போறான். நான் ரிடையர் ஆனப்புறமும் ஆபீஸ் வழியாவே கூப்பிட்டுண்டுதான் இருந்தா. என்னை விட்டா திட்டறதுக்கு அங்க யார் இருக்கா அவாளுக்கு?”

“ஊர்ல யாராவது தேடிக்கிட்டு வந்தாங்களா, அவங்கள?”

“ஒருத்தரும் வரல. அவா ஊர்ல இல்லாததால வரலையா, இருந்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டாளான்னு யாருக்குத் தெரியும்? அவாளும் அதத்தான் கேப்பா. யாரும் வரலையேடா, நான் போயிருக்கலாமேடான்னு.”

எனக்கு அழுகை வரவேண்டிய இடம். வந்தது பழைய எரிச்சல்தான். விருந்தில் கேட்ட அந்த வாக்கியம்கூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று வருஷாவருஷம் இவர் வீட்டுக்குப் போன் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி நான் டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்த அம்மாவைப் போகவிடாதே என்று சொன்னவள் நான். அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது. பல்வலியும் பேரனும் எனக்கு வரவேண்டியது. இவர் அதையும் வாங்கிக்கொண்டார், நான் கேட்காமலே.

“என்ன சொல்லித் திட்டுவாங்க?” என்று கேட்டேன்.

“அது எதுக்கு அக்கா இப்ப.”

“சொல்லுங்க ரங்கா. ஒண்ணும் விடாம சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வட்ட மேசையில் உட்காருவாரே, அதே மாதிரி. நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தேன், எனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொள்ள.

“நீ ஆம்பள” என்றார். “மக பிள்ளைபெறும்போது அம்மா பக்கத்துல இல்லேன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. உன் அம்மாவப் போய்க் கேளு. தெரியாதவன் எதுக்குப் பேசின?”

நிறுத்தினார். “எப்பவும் இப்படித்தான் ஆரம்பம். மிச்சமெல்லாம் இதுலேர்ந்துதான் வரும்.”

நான் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பொருந்தவில்லை. அது அவருக்கென்றே அளவெடுத்து வந்த திட்டு. எனக்கு அது தெரியாது என்று அந்த அம்மா சொல்லியிருக்க முடியாது. அந்த அறைக்கு நான் போயிருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்கு மகள் இருக்கிறாளா என்று கேட்டிருப்பார். இருக்கிறாள் என்றிருப்பேன். அவள் பிள்ளைபெறும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டிருப்பார். இங்கேதான் இருந்தேன், இந்தக் கட்டடத்தில், என்றிருப்பேன். அதற்கு அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்?

“ரங்கா” என்றேன். “அன்னிக்கு நான் கீழ வந்திருந்தா என்கிட்ட அவங்க என்ன சொல்லியிருப்பாங்க? ரிஸ்வானா விஷயம் உங்களுக்குத் தெரியும். அத நானே அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். அதுக்கு அவங்க என்ன சொல்லியிருப்பாங்க? நீங்கதான் அடுத்தவங்க பக்கத்த அவங்களவிட நல்லா பேசுவீங்களே. பேசுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. அந்த அம்மாவின் குரலை இத்தனை வருஷம் கேட்டவர், என்னையும் இத்தனை வருஷம் தெரிந்தவர். வெளியே புறப்பாட்டு மேளம் திருப்பத்தில் கேட்டு அடங்கியது.

“நான்...” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி “நான்...” என்றார்.

கண்ணைத் திறந்தார். “வரல அக்கா” என்றார்.

அந்த மனிதர் பேச வார்த்தையில்லாமல் உட்காருவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எத்தனை காலமாக ஆசைப்பட்டேன். பார்த்துவிட்டேன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் பேசியிருக்கலாம்.